அரண்மனை கேட்ட இளவரசர்

2000-ம் ஆண்டு ஜூன் மாதம். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. துருக்கி நாட்டு அரங்கின் சுவரோரம் ஒருவர் சிறுநீர் கழித்தபோது ஒரு புகைப்படக்காரர் படம்பிடித்துவிட்டார். படத்தில் சிக்கியவர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட். ஹனோவரை ஒரு காலத்தில் ஆண்ட அரச குடும்பத்தின் தலைவர், மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவர். 'பில்ட்' நாளிதழ் படத்தைப் போட்டது. துருக்கித் தூதரகம் கண்டித்தது. ஊரே சிரித்தது.

அவர் செய்திகளில் அடிபட்டது அது முதல் முறையும் அல்ல, கடைசி முறையும் அல்ல. 1998-ல் ஒளிப்பதிவாளர் ஒருவரைக் குடையால் அடித்தார். 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் கென்யாவின் லாமு தீவில் ஒரு விடுதி உரிமையாளரைத் தாக்கினார். அந்த வழக்கு ஜெர்மன் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2021 மார்ச்சில் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகர நீதிமன்றம், வேறொரு வழக்கில் அவருக்குப் பத்து மாதச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது. ஜெர்மன் பிரபுக்களின் ஊழல், அவப்பெயர் என்று பேச்செடுத்தால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மாதிரி ஆட்கள்தான்: குடி, கைகலப்பு, விவாகரத்து, கோட்டைக் கொண்டாட்டம். வார இதழ்கள் அதில்தான் பிழைக்கின்றன.

ஆனால் குடிமக்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி அல்ல. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற இளவரசரைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். சத்தமில்லாமல் வழக்கறிஞர்களோடு வந்து, மூடிய அறையில் அரசிடம் அருங்காட்சியகப் பொருள்களையும் அரண்மனையில் குடியிருக்கும் உரிமையையும் கேட்கிற இளவரசரின் கதைதான் பொதுவாழ்வைத் தொடுகிறது. அந்தக் கதை வெளியே வருவதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

இந்த இரண்டு வகைச் செய்திகளையும் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அது எர்ன்ஸ்ட் ஆகஸ்டின் வீட்டிலிருந்தே கிடைத்தது. தன்னையும் தன் குழந்தைகளையும் துரத்தித் துரத்திப் படமெடுத்த பத்திரிகைகள் மீது கரோலின் வழக்குத் தொடுத்தார். ஜெர்மன் நீதிமன்றங்களில் முழு நியாயம் கிடைக்காததால் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2004 ஜூன் 24 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு படமோ செய்தியோ பொதுநலன் சார்ந்த விவாதத்துக்கு ஏதாவது பங்களிக்கிறதா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். ஒருவர் சந்தையில் காய்கறி வாங்குவதும் குதிரை ஏறுவதும் வாசகரின் ஆவலைத் தணிக்கலாம், விவாதத்துக்கு உதவாது. நல்ல தீர்ப்பு அது. அதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பொதுநலன் சார்ந்தது எதுவோ, அதை மூடிவைக்க எந்தக் குடும்பத்துக்கும் உரிமை இல்லை.

ஜெர்மனியில் பிரபுக்கள் என்று சட்டப்படி இன்று யாரும் இல்லை. 1918 நவம்பரில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடி துறந்து நெதர்லாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று கையெழுத்தான வைமார் அரசமைப்புச் சட்டத்தின் 109-வது பிரிவு, பிறப்பால் வரும் சலுகைகளை ஒழித்தது. பட்டங்கள் இனி பெயரின் ஒரு பகுதி மட்டுமே, புதிதாக யாருக்கும் வழங்கக் கூடாது என்றது. அந்த விதி இன்றும் செல்லும். அண்டை நாடான ஆஸ்திரியா அதே 1919-ல் இன்னும் கறாராக நடந்துகொண்டது. பட்டத்தைப் பெயரில் வைத்துக்கொள்ளவும் தடை போட்டது. ஜெர்மனி பெயரை விட்டுவைத்தது. இன்று அங்கே பழைய பிரபு குலத்தினர் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. எட்டுக் கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழும் நாட்டில் இது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

பெயர் மட்டும்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். அதன் விலையைக் காட்ட ஒரு கதை போதும். ஹான்ஸ் ராபர்ட் லிச்டன்பெர்க் என்பவர் 1943-ல் பிறந்த சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. கைசரின் கடைசி மகன் யோவாகிமின் விதவை மரி ஆகஸ்ட், 1980-ல் தன் எண்பதுகளின் தொடக்கத்தில் அவரைத் தத்தெடுத்தார். பட்டம் பெயரின் பகுதி என்பதால் தத்துப்பிள்ளைக்கும் அது சட்டப்படி போய்ச் சேர்ந்தது. லிச்டன்பெர்க் ஒரே கையெழுத்தில் 'பிரின்ஸ் ஃபான் அன்ஹால்ட்' ஆனார். 1986-ல் ஹாலிவுட் நடிகை ஜா ஜா காபோரை மணந்தார். பிறகு அவரே பணம் வாங்கிக்கொண்டு வயதுவந்த ஆண்களைத் தத்தெடுத்தார். அவர்களில் ஒருவர் விபசார விடுதிகள் நடத்தி, வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றவர். பழைய பிரபு குடும்பங்கள் இவர்களைத் தங்களவர்களாக ஏற்பதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இருவருக்கும் ஒரே மதிப்புதான். பணம் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்றால், அந்தப் பெயருக்குச் சமூகம் இன்னும் தலைவணங்குகிறது என்றுதான் பொருள்.

வணக்கத்தின் ஆழம் தெரிந்தது குட்டன்பெர்க் விவகாரத்தில்.

கார்ல்-தியோடர் ட்சு குட்டன்பெர்க் 2009 பிப்ரவரியில், 37 வயதில், மத்தியப் பொருளாதார அமைச்சரானார். பவேரியாவின் சிஎஸ்யு கட்சிக்காரர். ஃபிராங்கோனியாப் பகுதியின் பழைய குடும்பம். தந்தை புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர். மனைவி பிஸ்மார்க்கின் கொள்ளுப்பேரன் வழி வந்தவர். அமைச்சரின் முழுப்பெயரில் பத்து முன்பெயர்கள் இருந்தன. பதவியேற்பதற்குச் சற்று முன்பு, யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் அந்த வரிசைக்கு நடுவே 'வில்ஹெல்ம்' என்று பதினொன்றாவதாக ஒரு பெயரைச் செருகிவிட்டார். 'பில்ட்' முதல் பக்கத்தில் அந்தப் பெயரும் சேர்த்துக் கொட்டை எழுத்தில் வந்தது. மற்றப் பத்திரிகைகளும் இணைய இதழ்களும் அப்படியே எடுத்துப்போட்டன. ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கலாம், யாரும் செய்யவில்லை. நீண்ட பெயரின் கவர்ச்சியே போதுமானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பல்கலைக்கழகமும் ஒரு நாடும் இதே தவறைப் பெரிய அளவில் செய்திருந்தது அம்பலமானது.

அந்த இரண்டு ஆண்டுகளில் குட்டன்பெர்க் கொடிகட்டிப் பறந்தார். 2009 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சரானார். கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவைக்கும் முடிவை முன்னெடுத்தார். 2010 டிசம்பரில் மனைவியையும் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரையும் ஆப்கானிஸ்தான் முகாமுக்குக் கூட்டிப்போய் அங்கேயே உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றார். அடுத்த பிரதமர் இவர்தான் என்று பேச்சு அடிபட்டது. பணக்காரர், சுதந்திரமானவர், பரம்பரையிலேயே நேர்மை ஊறியவர் என்ற நம்பிக்கை மக்களிடம் ஆழமாக இருந்தது.

2011 பிப்ரவரியில் பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ, அமைச்சரின் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார். பேரோய்த் பல்கலைக்கழகம் மிக உயர்ந்த தகுதியோடு பாராட்டி ஏற்ற ஏடு அது. படிக்கப் படிக்க, மேற்கோள் குறி இல்லாமல் அடுத்தவர் எழுத்து அப்படியே இறங்கியிருப்பது தெரிந்தது. முன்னுரையின் தொடக்கமே 1997-ல் ஒரு நாளிதழில் அரசியல் அறிஞர் ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. செய்தி வெளிவந்ததும் குற்றச்சாட்டு அபத்தமானது என்றார் அமைச்சர். இணையத்தில் முகம் தெரியாத தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, பக்கம் பக்கமாக ஏட்டை அலசத் தொடங்கினார்கள். திருட்டு உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வண்ணக்கோடு போட்டார்கள். சில நாள்களிலேயே கோடுகளுக்கு நடுவே வெள்ளையைத் தேட வேண்டியதாயிற்று. முடிவில் அவர்கள் கணக்குப்படி 94 சதவீதப் பக்கங்களில் பிறர் எழுத்து இருந்தது. எடுத்த மூலங்கள் 135.

பிப்ரவரி 23 அன்று பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் 'பில்ட்' அவருக்கு முட்டுக்கொடுத்தது. அவர் பதவியில் நீடிக்க வேண்டும் என்றுதான் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலோர் சொன்னார்கள். பிரதமர் அங்கேலா மெர்கலோ, தான் நியமித்தது அமைச்சரைத்தான், ஆய்வு உதவியாளரை அல்ல என்று சொல்லிப் பார்த்தார். கொதித்தெழுந்தவர்கள் ஆய்வு மாணவர்கள். இரவு பகலாக நூலகத்தில் கிடந்து அடிக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அந்த வார்த்தை அவமானமாகப் பட்டது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டுப் பிரதமருக்குக் கடிதம் அனுப்பினார்கள். மார்ச் 1 அன்று குட்டன்பெர்க் பதவி விலகினார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று பல்கலைக்கழகக் குழு மே மாதம் முடிவு சொன்னது.

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவில் ஆலோசனை நிறுவனம் தொடங்கிய குட்டன்பெர்க், 2019 செப்டம்பரில் மெர்கலைச் சந்தித்து வயர்கார்ட் நிறுவனத்தின் சீன விரிவாக்கத்துக்கு ஆதரவு கேட்டார். அதே மாதம் சீனப் பயணத்தில் மெர்கல் அந்த விஷயத்தை எழுப்பவும் செய்தார். அடுத்த ஆண்டு வயர்கார்ட் திவாலானது. கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ எங்குமே இல்லை என்பது தெரியவந்தது. மோசடி தனக்குத் தெரியாது என்று 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் குட்டன்பெர்க் சொன்னார். அதை மறுக்க ஆதாரம் இல்லை. ஆனால் ஏமாற்றிப் பதவி இழந்த ஒருவருக்கு எட்டு ஆண்டுகளில் பிரதமரின் கதவு மறுபடி திறந்தது எப்படி என்ற கேள்வி நிற்கிறது. சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு முன்னாள் அமைச்சருக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது.

இனி அந்த அரண்மனைக் கதை.

முடி துறந்த கைசரின் ஹோஹென்சோலெர்ன் குடும்பத்தின் சொத்து என்னாகும் என்பது வைமார் குடியரசின் பெரிய சண்டைகளில் ஒன்று. இளவரசர்களின் சொத்தை இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா என்று 1926 ஜூன் 20 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியும் ஆதரித்தன. சுமார் 1.45 கோடிப் பேர் 'ஆம்' என்றார்கள். மொத்த வாக்காளர்களில் பாதி, அதாவது ஏறக்குறைய 2 கோடி, தேவைப்பட்டதால் அது தோற்றது. அதே ஆண்டு பிரஷ்ய அரசு குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டது. பல அரண்மனைகளும் நிலங்களும் குடும்பத்துக்கே போயின. போட்ஸ்டாமில் உள்ள செசிலியன்ஹோஃப் அரண்மனை அரசுக்குச் சொந்தமானாலும், அதில் தலைமுறைகளுக்குக் குடியிருக்கும் உரிமை பட்டத்து இளவரசர் வில்ஹெல்மின் குடும்பத்துக்குக் கிடைத்தது. முடியை இழந்தாலும் வாழ்வுக்குக் குறையில்லாத நிலை.

அந்தப் பட்டத்து இளவரசர் குடியரசுக்கு எப்படி நன்றி சொன்னார்? 1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஹிட்லருக்கு வாக்களிக்கப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 1933 மார்ச் 21 அன்று போட்ஸ்டாமில் நாஜிகள் நடத்திய பெரும் விழாவில் சீருடையோடு கலந்துகொண்டார். ஹிட்லர் அவரோடு பேசிக்கொண்டு நிற்கும் புகைப்படம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பழைய முடியாட்சிக்கு விசுவாசமாக இருந்த பழமைவாதிகளுக்கு அந்தப் படம் ஒரு சேதியைச் சொன்னது: இந்த ஆளை நம்பலாம். அவருடைய தம்பி ஆகஸ்ட் வில்ஹெல்ம் அதற்கு முன்பே நாஜிக் கட்சியில் சேர்ந்து, அதன் எஸ்ஏ படையில் உயர் பொறுப்புக்கு வந்தவர்.

1945-ல் சோவியத் படை கிழக்கு ஜெர்மனியைப் பிடித்தது. நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் பறிக்கப்பட்டன, அரண்மனைகளும் கைமாறின. அதே செசிலியன்ஹோஃபில்தான் அந்த ஜூலை மாதம் ட்ரூமன், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் உட்கார்ந்து போட்ஸ்டாம் மாநாட்டை நடத்தினார்கள். ஜெர்மனி 1990-ல் ஒன்றானபோது அந்தப் பறிமுதல்களை ரத்து செய்வதில்லை என்று முடிவானது. ஆனால் 1994-ல் வந்த ஒரு சட்டம், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஓரளவு இழப்பீடும், அசையும் பொருள்களைத் திரும்பப் பெறும் உரிமையும் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. சொத்தை இழந்தவர் நாஜி ஆட்சிக்கோ முன்பு அது எழுவதற்கோ கணிசமாகத் துணைபோயிருந்தால் வாரிசுகளுக்கு ஒன்றும் கிடையாது.

கைசரின் எள்ளுப்பேரன் கேயார்க் ஃபிரீட்ரிஷ், 1976-ல் பிறந்தவர், இப்போது குடும்பத்தின் தலைவர். பிராண்டன்பர்க் மாநிலத்திடம் சுமார் 12 லட்சம் யூரோ இழப்பீடு கேட்ட வழக்கு அவர் கையில் இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா துணைபோனாரா இல்லையா என்பதைப் பொறுத்தே எல்லாம். குடும்பத் தரப்புக்கு கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் கிளார்க் அறிக்கை கொடுத்தார்: இளவரசர் ஆசைப்பட்டாலும் செல்வாக்கில்லாத ஆள், அவர் துணை கணக்கில் வராது. வோல்ஃப்ராம் பூட்டா என்பவர் ஒரு படி மேலே போய், இளவரசர் ஹிட்லரைத் தடுக்கப் பார்த்தார் என்று எழுதினார். மாநில அரசின் தரப்பில் ஸ்டெஃபான் மலினோவ்ஸ்கியும் பீட்டர் பிராண்டும் (முன்னாள் பிரதமர் வில்லி பிராண்டின் மகன்) நேரெதிராக எழுதினார்கள். 2015-ல் மாநிலம் கோரிக்கையை நிராகரித்தது. வழக்கு நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது.

அதோடு இணையாக, ஆயிரக்கணக்கான ஓவியங்கள், மேசைப் பாத்திரங்கள், நூல்கள், கடிதங்கள் யாருக்குச் சொந்தம் என்று மத்திய அரசும் பெர்லின், பிராண்டன்பர்க் மாநிலங்களும் குடும்பத்தோடு மூடிய கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தன. 2019 ஜூலையில் பத்திரிகைகள் அதை வெளிக்கொணர்ந்தன. குடும்பம் கேட்டவற்றில் ஒன்று, செசிலியன்ஹோஃபிலோ வேறு ஓர் அரண்மனையிலோ நிரந்தரமாக, வாடகையில்லாமல் குடியிருக்கும் உரிமை. உலகப் போரின் கணக்கு முடிக்கப்பட்ட கட்டடத்தில், அந்தப் போரைத் தொடங்கியவனுக்குக் கை கொடுத்தவரின் வாரிசுகள் குடிபுக உரிமை கேட்டார்கள். ஜெர்மனியில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. எழாமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நான்கு நிபுணர் அறிக்கைகளும் அப்போதும் பொதுமக்கள் கையில் இல்லை. 2019 நவம்பரில் யான் போமர்மான் என்ற தொலைக்காட்சி நையாண்டிக் கலைஞர் தன் நிகழ்ச்சியில் இந்த விவகாரத்தை விரிவாக எடுத்துப் பேசி, நான்கையும் இணையத்தில் ஏற்றினார். எவரும் படிக்கலாம் என்றானதும் வரலாற்றுத் துறையே களத்தில் இறங்கியது. பல ஆய்வாளர்கள் பட்டத்து இளவரசரின் பேச்சையும் கடிதங்களையும் தோண்டியெடுத்தார்கள். கிளார்க் பின்னர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆதாரம் மாறினால் கருத்தை மாற்றும் அந்த நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டும். மலினோவ்ஸ்கியின் நூல் 2021-ல் வந்து, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் அபுனைவு நூல் விருதைப் பெற்றது.

அந்த ஆண்டுகளில் நடந்த இன்னொரு விஷயம்தான் மன்னிக்கக் கடினமானது. குடும்பத் தலைவரின் வழக்கறிஞர்கள் வரலாற்றாசிரியர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் டஜன் கணக்கில் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஒரு வாக்கியம், ஒரு பேட்டியில் சொன்ன ஒரு சொல், எதற்கும் வழக்கு. சிலவற்றில் குடும்பம் வென்றது, சிலவற்றில் தோற்றது. ஆனால் ஓர் இளம் ஆய்வாளருக்குத் தீர்ப்பு வருவதற்கு முன்பே வழக்குச் செலவு கழுத்தை நெரிக்கும். நிலைமை முற்றியதால் ஜெர்மன் வரலாற்றாசிரியர் சங்கம் இந்த வழக்குகளைத் தொகுத்து 2021-ல் ஓர் இணையதளமே தொடங்கியது. ஒரு குடும்பம் அரசிடம் பணம் கேட்கிறது. பணம் கிடைக்குமா என்பது வரலாற்றைப் பொறுத்தது. அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் மீது அதே குடும்பம் வழக்குப் போடுகிறது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு சொன்ன பொதுநலன் சார்ந்த விவாதம் என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இருக்க முடியாது.

ஹோஹென்சோலெர்ன்கள் மட்டும் இப்படி இல்லை. 2006-ல் பாடன் வட்டாரத்தின் பழைய ஆளும் குடும்பம் தன் சாலெம் அரண்மனையைப் பழுதுபார்க்கப் பணம் தேடியது. கார்ல்ஸ்ரூ நூலகத்தில் உள்ள இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளை விற்று 7 கோடி யூரோ திரட்டும் திட்டத்துக்கு மாநில முதல்வர் குந்தர் ஓட்டிங்கரே உடன்பட்டார். உலகெங்குமிருந்து அறிஞர்கள் எதிர்த்ததால் திட்டம் கைவிடப்பட்டது. அதைவிட அதிர்ச்சி, ஹான்ஸ் பால்டுங் கிரீன் வரைந்த ஒரு பழைய ஓவியம். குடும்பத்திடமிருந்து அரசு விலைகொடுத்து வாங்கத் தயாரான அந்தப் படம் 1930-லிருந்தே அரசுக்குத்தான் சொந்தம் என்பதைக் கண்டுபிடித்தவர் டீட்டர் மெர்ட்டன்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர். மாநில அரசு தன் சொந்தக் காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இழந்த உடைமை மீதான ஏக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வேறொரு வழக்கு பிராங்க்பர்ட்டில் தொடங்கியது. 2022 டிசம்பர் 7 விடியற்காலையில் சுமார் 3,000 போலீசார் நாடு முழுவதும் சோதனை நடத்தி 25 பேரைக் கைது செய்தார்கள். ஆயுதங்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகக் குற்றச்சாட்டு. தலைவராகக் குறிப்பிடப்பட்டவர் பதின்மூன்றாம் ஹைன்ரிஷ், ராய்ஸ் வம்சத்தவர். 1918 வரை துரிங்கியாவில் சிற்றரசர்களாக இருந்த அந்தக் குடும்பத்தில் எல்லா ஆண்களுக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். எண்ணை வைத்துத்தான் ஆளை அறிய வேண்டும். பிராங்க்பர்ட்டில் நிலபுலத் தொழில் செய்துவந்த இவர், ஒருங்கிணைப்புக்குப் பிறகு குடும்பச் சொத்தை மீட்க நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவர். ஜெர்மானியக் குடியரசே சட்டப்படி செல்லாது என்று 2019-ல் ஜூரிக் நகரில் ஒரு மேடையில் பேசினார். குடும்பத் தலைவர் இவரைக் குழம்பிப்போன முதியவர் என்று சொல்லிக் கைகழுவினார். அந்தக் குழுவிடம் சுமார் 380 துப்பாக்கிகளும் 1,48,000 தோட்டாக்களும் இருந்ததாக அரசுத் தரப்பு சொல்கிறது. 2024 மே மாதம் விசாரணை ஆரம்பமானது. குற்றத்தை நீதிமன்றம்தான் நிறுவ வேண்டும். ஆனால் ஒரு முன்னாள் நீதிபதியும் முன்னாள் ராணுவ அதிகாரிகளும், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒழிந்த பட்டத்தைத் தங்கள் புதிய அரசின் தலையில் வைக்க நினைத்தார்கள் என்ற குற்றச்சாட்டே, பெயரின் மயக்கம் இன்னும் எங்கெல்லாம் வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது.

பிரபு குலத்தில் பிறந்த எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபன்பெர்க் பிரபு. நாஜிப் படை தோற்ற நாளை விடுதலை நாள் என்று 1985-ல் நாட்டுக்கே எடுத்துச் சொன்ன குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபான் வைட்ஸெக்கரும் பிரபு குடும்பத்தவர்தான். ஓட்டோ லாம்ப்ஸ்டோர்ஃபின் வாழ்க்கை இன்னும் சிக்கலானது. ஃபிளிக் நிறுவன நன்கொடை ஊழலில் 1984-ல் அமைச்சர் பதவியை இழந்து, 1987-ல் வரி ஏய்ப்புக்காக 1,80,000 மார்க் அபராதம் கட்டியவர் அவர். அதே மனிதர் முதுமையில் அரசின் தூதராக அமர்ந்து பேசி, நாஜிக் காலத்தில் அடிமை வேலை வாங்கப்பட்டவர்களுக்காக ஆயிரம் கோடி மார்க் நிதி உருவாகக் காரணமானார். அந்தப் பேச்சுவார்த்தையில் அவருக்கு உதவியது பெயர் அல்ல, பிடிவாதமான உழைப்பு.

எல்லோரிலும் மரியன் டோன்ஹோஃபை நினைக்காமல் இருக்க முடியாது. கிழக்குப் பிரஷ்யாவின் ஃபிரீட்ரிஷ்டைன் அரண்மனையில் 1909-ல் பிறந்த சீமாட்டி. ஹிட்லர் எதிர்ப்புக் குழுவோடு தொடர்பு வைத்திருந்தவர். 1945 ஜனவரிக் குளிரில், சோவியத் படை நெருங்கியபோது, குதிரையில் ஏறி மேற்கே புறப்பட்டார். வாரக்கணக்கில் பயணம் செய்து, சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்து மேற்கு ஜெர்மனிக்கு வந்துசேர்ந்தார். பிறந்த வீடு எரிந்தது, நிலம் வேறு நாட்டுக்குப் போனது. 1946-ல் 'டி ட்சைட்' வார இதழில் சேர்ந்து, பின்னாளில் அதன் ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் ஆனார். தன் குடும்பம் தலைமுறைகளாக ஆண்ட மண்ணை உரிமை கோருவதை அவர் விட்டார். போலந்தின் புதிய எல்லையை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐரோப்பாவில் அமைதி இல்லை என்று, தன் சொந்த ஊரார் துரோகி என்று தூற்றியபோதும், எழுதினார். 1970 டிசம்பரில் அந்த எல்லையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வார்சாவுக்குப் போன வில்லி பிராண்ட், தன்னோடு வரும்படி அவரை அழைத்தார். போக மனம் ஒப்பவில்லை. கொள்கையில் உறுதி குலையவில்லை. இழப்பைக் கொண்டாடும் மேடையில் நிற்க மட்டும் முடியவில்லை. அவர் விட்டது ஒரு பெரும் பண்ணை. போட்ஸ்டாமில் ஓர் அரண்மனையில் இடம் கேட்டவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியுமா?

2023 மார்ச்சில் கேயார்க் ஃபிரீட்ரிஷ் இழப்பீட்டு வழக்கைத் திரும்பப் பெற்றார். 2025 மே மாதம் கலாச்சார அமைச்சர் வோல்ஃப்ராம் வைமர், குடும்பத்துக்கும் அரசுக்கும் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவித்தார். சுமார் 27 ஆயிரம் பொருள்கள் ஒரு பொது அறக்கட்டளைக்குப் போகின்றன. மூத்த கிரானாக் வரைந்த முதலாம் யோவாகிமின் ஓவியமும் அவற்றில் ஒன்று. அருங்காட்சியகங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. நல்ல முடிவுதான். அரண்மனையில் யாரும் குடியேறவில்லை.

ஆனால் வழக்கு திரும்பப் பெறப்பட்டதால், பட்டத்து இளவரசர் நாஜிகளுக்குக் கணிசமாகத் துணைபோனாரா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்களின் ஆராய்ச்சியே அதற்கான பதிலாக நிற்கிறது. எனவே அந்த ஆராய்ச்சிக்கு இனிப் பாதுகாப்பு வேண்டும். குடும்ப ஆவணக்காப்பகம் ஆய்வாளர்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட வேண்டும். 2014-லிருந்து மூடிய அறையில் நடந்த பேச்சுவார்த்தைகளின் கோப்புகளை மத்திய அரசும் இரண்டு மாநிலங்களும் வெளியிட வேண்டும். பொதுச் சொத்துக்காக அரசோடு வழக்காடும் எவரும் அதே விவகாரத்தை எழுதும் ஆய்வாளரை வழக்குச் செலவால் முடக்க முடியாதபடி ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும். இத்தகைய மிரட்டல் வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு நெறிமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை உள்நாட்டுச் சட்டமாக்கும்போது உள்நாட்டு வழக்குகளையும் தயங்காமல் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வரலாற்றாசிரியர்களுக்கு நோட்டீஸ் வந்தது உள்நாட்டிலிருந்துதான்.